செய்தவரும் செய்வித்தவரும்: காலோ பட்டறையின் வெள்ளிக் கிண்ணமும் தமிழ் விளக்கத் தொடரும்

முன்னுரை

அருங்காட்சியகங்களில் கலைப்பொருளின் அருகே வைக்கப்படும் விளக்க அட்டை, மொழிபெயர்ப்பு ஆய்வில் பெரிதும் கவனிக்கப்படாத ஒரு பனுவல் வகை. அதில் வினைமுற்று பெரும்பாலும் இராது. பொருளின் பெயர், செய்தவர் பெயர், இடம், ஆண்டு, செய்பொருள் ஆகியவை காற்புள்ளிகளால் பிரிக்கப்பட்டு வரிசையாக நிற்கும். ஆங்கிலத்தில் இவ்வமைப்பு இடர்ப்பாடின்றி அமைகிறது. தமிழில் பெயர்க்கப் புகும்போது, ஆங்கிலம் சொல்லாமல் விட்ட சிலவற்றைச் சொல்லவேண்டிய நிலையும், ஆங்கிலம் எளிதாகச் சொன்ன சிலவற்றைச் சொல்ல இயலாத நிலையும் தோன்றுகின்றன.

"இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் பெண் வெள்ளிக்கொல்லர் ஒருவரால் செய்யப்பட்ட அலங்காரக் கிண்ணம்" என்னும் தொடரை எடுத்துக்கொள்வோம். இதில் இலக்கண வழு எதுவும் இல்லை. ஆயினும் 'வெள்ளிக்கொல்லர்', 'பெண்', 'ஆல்', 'செய்யப்பட்ட', 'அலங்கார' ஆகிய ஒவ்வொன்றும் ஐயத்துக்குரியது. அமெரிக்காவின் சிக்காகோ நகரில் கிளாரா வெல்ஸ் நடத்திய காலோ பட்டறையின் கிண்ணங்களைச் சான்றாகக் கொண்டு இவ்வையங்கள் இங்கு ஆராயப்படுகின்றன. சொற்சிக்கலாகத் தோன்றும் இது உண்மையில் திறனாய்வுச் சிக்கலே என்பது இக்கட்டுரையின் கருத்து. கிண்ணத்தை யார் செய்தார் என்று தாம் கருதுகிறார் என்பதை முடிவு செய்யாத மொழிபெயர்ப்பாளர், நேர்மையான தமிழ்த் தொடர் ஒன்றை எழுத இயலாது.

கிண்ணமும் பட்டறையும்

கிளாரா பார்க் (1868–1965) சிக்காகோ கலைக்கழகப் பள்ளியில் வடிவமைப்புப் பயின்றவர். 1900இல் பெண்கள் சிலருடன் சேர்ந்து ஒரு கைவினைக் கடையைத் தொடங்கினார். 'அழகிய' என்னும் பொருள்தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்குக் காலோ என்ற பெயர் அமைந்தது. தொடக்கத்தில் அங்கு நடைபெற்றவை தோல்வேலையும் நெசவும் போன்றவையே. 1905இல் ஜார்ஜ் வெல்ஸ் என்பவரை மணந்த பின்னரே உலோகவேலை முதன்மை பெற்றது. பார்க் ரிட்ஜ் என்னும் புறநகரில் பட்டறையும் பயிற்சிக்கூடமும் இணைந்த இல்லம் ஒன்றை இருவரும் நிறுவினர். 1914இல் பட்டறை சிக்காகோவுக்கே திரும்பியது. இரண்டாண்டுகளில் மணவாழ்க்கை முறிந்தது, பட்டறை முறியவில்லை. பெண் வாக்குரிமைக்காக 1913இல் வாஷிங்டனில் நடந்த பேரணியில் இலினாய்ஸ் மாநில அணியினரை நெறிப்படுத்தியவர்களுள் கிளாராவும் ஒருவர் என்பதை இங்கே நினைவிற் கொள்ளலாம். 1959இல் அவர் பட்டறையைத் தம் தொழிலாளர்களுக்கே அளித்தார். 1970இல் அது மூடப்பட்டது.

இப்பட்டறையின் பின்புலமான கைவினை இயக்கம் தமிழருக்கு முற்றிலும் அயலானதன்று. காலோவின் தொடக்ககால வடிவங்களில் இங்கிலாந்தின் சி. ஆர். ஆஷ்பி நிறுவிய கைவினைஞர் கழகத்தின் செல்வாக்கைக் காணலாம். அதே ஆஷ்பிதான், ஆனந்த குமாரசுவாமி 1909இல் வெளியிட்ட இந்தியக் கைவினைஞர் பற்றிய நூலுக்கு முன்னுரை வழங்கியவர். ஈழத்தமிழ்த் தந்தைக்குப் பிறந்த குமாரசுவாமி, தந்தையிடமிருந்து மகன் கற்கும் குலத்தொழிலாளியைக் கைவினையின் முழுமையான வடிவமாகக் கண்டார். சிக்காகோவில் நிகழ்ந்ததோ இதற்கு நேர்மாறானது. குலமரபு எதுவுமின்றிக் கலைப்பள்ளியில் பயின்று வந்த பெண்கள், தொழிலைத் தாமே தேர்ந்தனர். ஒரே இயக்கத்தின் இரு முனைகளுக்கு இடையேயுள்ள இத்தொலைவே, பின்னர்க் காணவிருக்கும் பெயர்ச்சொற் சிக்கலின் வேராகும்.

1920களிலும் 1930களிலும் இப்பட்டறையில் உருவான கிண்ணங்களுள் இதழ்போன்ற மடிப்புகளால் ஆன வகை குறிப்பிடத்தக்கது. கிண்ணத்தின் நடுவிலிருந்து விளிம்புவரை மென்மையான பள்ளங்கள் ஓடும். அவை விளிம்பை ஐந்தாகவோ ஆறாகவோ பகுக்கும். விளிம்பு வட்டமாக முடியாமல் அலைபோல் வளைந்து செல்லும். சித்திரவேலை மிகக் குறைவு; பலவற்றில் இல்லவே இல்லை. மொழிபெயர்ப்பாளருக்கு இவ்விடத்தில் 'தாமரை' என்று எழுத நா எழும். எழுதலாகாது. தாமரை என்றவுடன் பீடமும் தெய்வமும் தமிழ் வாசகர் மனத்தில் வந்து அமர்ந்துவிடும். இக்கிண்ணம் அவற்றுள் எதையும் அறியாதது.

இம்மடிப்புகள் அழகுக்காக மட்டும் அமைந்தவையல்ல. மெல்லிய தகடு சமமாக இருப்பின் எளிதில் நெளியும். மடிப்பு விழுந்தால் விறைப்புப் பெறும். ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி கலந்த தகட்டை வட்டமாக வெட்டி, இரும்பு முளையின்மீது வைத்துச் சுத்தியால் சுற்றிச் சுற்றித் தட்டி எழுப்புவர். தட்டத் தட்ட வெள்ளி இறுகும். இறுகியதை மேலும் தட்டினால் வெடிக்கும். எனவே அவ்வப்போது காய்ச்சி இளக்கி, ஆற்றி, மீண்டும் தட்டவேண்டும். ஒரு கிண்ணம் இவ்வாறு பலமுறை உலைக்குச் சென்று திரும்பும். இறுதியில் மட்டமான முகமுடைய சுத்தியால் நிரவித் தட்டும்போது மேற்பரப்பில் மெல்லிய தட்டுத்தடங்கள் எஞ்சும். காலோ கிண்ணத்தில் இத்தடங்கள் முற்றிலும் அழிக்கப்படுவதில்லை. விளக்கொளி அவற்றின்மீது விழும்போது வெள்ளி நீர்ப்பரப்பைப்போல் அசைந்து தோன்றும்.

தடத்தை விட்டுவைப்பது ஒரு கூற்று. 'இது கையால் செய்யப்பட்டது' என்பதே அக்கூற்று. ஆனால் அக்காலத்திலேயே ஆலைகள் அச்சால் அழுத்திப் போலியான தட்டுத்தடங்களைப் பதிக்கத் தொடங்கிவிட்டன. தடம் நம்பத்தகாத சான்றாயிற்று. காலோ பட்டறையின் நல்ல கிண்ணங்களில் தடம் அடங்கியே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். தமிழ்நாட்டுத் தொழில்மரபில் நிலைமை வேறு. நம் பொற்கொல்லர் அடித்தடம் தெரியாதவாறு மெருகிடுவர். தடம் தெரிந்தால் அது குறை. கடைகளில் 'கைவேலை' என்று புகழப்படுவது தட்டுத்தடமன்று, சித்திரவேலையே. எனவே 'கைவேலைக் கிண்ணம்' என்று தமிழில் எழுதினால், வாசகர் கண் கிண்ணத்தின்மேல் இல்லாத கொடியையும் யாளியையும் தேடும்.

இக்கிண்ணங்களைக் குறையற்றவை என்று கூறுவதற்கில்லை. அழகு, பயன், நிலைபேறு ஆகிய மூன்றையும் பட்டறை தன் கொள்கையாக அறிவித்துக்கொண்டது. அலங்காரக் கிண்ணத்தில் இரண்டாவது மெலிந்துவிடுகிறது. கிண்ணத்தின் புறத்தே உரிமையாளர் பெயரின் முதலெழுத்துகளைத் தனியே வெட்டிப் பற்றவைக்கும் வழக்கமும் இருந்தது. மடிப்பின் ஓட்டத்தை அவ்வெழுத்துகள் குறுக்கே மறிக்கும்போது, வடிவம் ஒன்று சொல்ல எழுத்து வேறொன்று சொல்கிறது. மேலும், வெற்றிபெற்ற வடிவத்தைப் பட்டறை நெடுங்காலம் மாற்றாமல் வைத்துக்கொண்டது. ஐரோப்பாவில் வெள்ளிவேலை உருளை, கோளம் என்னும் வடிவங்களை நோக்கி நகர்ந்த ஆண்டுகளிலும் காலோவில் இதழ்களே மலர்ந்துகொண்டிருந்தன. அவ்வுறுதியை மதிக்கலாம், அதில் சற்றே சோம்பலும் உண்டு.

கலப்பெயரும் அடைமொழியும்

கலப்பெயர்களில் தமிழ் செறிவுடையது. தஞ்சைப் பெருவுடையார் கோயிற் கல்வெட்டுகள், முதலாம் இராசராசனும் அவன் தமக்கை குந்தவையும் கொடுத்த கலங்களைத் தளிகை, மண்டை, கெண்டி, வட்டில், படிக்கம் எனத் தனித்தனியே பெயர்சுட்டி, எடையுடன் பதிவு செய்கின்றன. இப்பெயர்கள் ஒவ்வொன்றும் பயன்பாட்டோடு பிணைந்தவை. இன்றைய வீடுகளிலும் சந்தனப் பேலா, குங்குமச் சிமிழ், பன்னீர்ச் செம்பு என வெள்ளிக்கலத்தின் பெயர் அது தாங்கும் பொருளைச் சொல்லிவிடுகிறது. பயன் குறிக்கப்படாத கலத்துக்குப் பெயரிடுவதே தமிழில் கடினம்.

'கிண்ணம்' பொருத்தமான சொல்லே. ஆனால் வெள்ளிக் கிண்ணம் என்றால் குழந்தைக்குச் சோறூட்டும் சிறு கலமோ திருமண வரவேற்பில் நிற்கும் சந்தனக் கிண்ணமோதான் நினைவுக்கு வரும். மேசையின் நடுவே பழமோ மலரோ தாங்கி நின்ற காலோ கிண்ணங்களில் கைக்குள் அடங்காதவையும் உண்டு. அளவைத் தருவதன்றி இதற்கு வேறு வழியில்லை.

'அலங்கார' என்னும் அடை மேலும் ஏமாற்றுவது. தமிழில் அலங்காரம் என்பது ஒன்றன்மேல் செய்யப்படுவது. எனவே அலங்காரக் கிண்ணம் என்பதை 'வேலைப்பாடு நிறைந்த கிண்ணம்' என்றே வாசகர் கொள்வர். ஆங்கிலச் சொல்லோ கிண்ணம் அறையை அலங்கரிக்கிறது என்கிறது. அணியை ஏறத்தாழத் துறந்துவிட்ட கலத்தின் தலையில் அணி என்ற சொல்லையே சுமத்துவது பிழை. சென்னை மவுண்ட் ரோட்டில் விளங்கிய பி. ஓர் அண்டு சன்ஸ் நிறுவனத்தின் 'சுவாமி வேலை'க் கலங்களுக்கு அவ்வடை மிகப் பொருந்தும். அவற்றின் சுவரில் கடவுளர் உருவமின்றி விரல்வைக்க இடம் காண்பதரிது. காலோ கிண்ணத்துக்கு 'மேசைக் கிண்ணம்' போதும்.

பெண்பாற் பெயர்

அடுத்தது தொழிற்பெயர். வெள்ளியில் தொழில் செய்பவரைப் பொற்கொல்லர் என்பது பொருந்தாது என்றெண்ணி 'வெள்ளிக்கொல்லர்' என்று புதிதாகப் படைக்கும் போக்கு மொழிபெயர்ப்பாளரிடையே உள்ளது. அது தேவையற்றது. பழந்தமிழில் பொன் என்பது உலோகப் பொதுப்பெயருமாகும். வெள்ளி வெண்பொன், இரும்பு கரும்பொன். ஐம்பொன் என்ற வழக்கு இன்றும் உள்ளது. பொற்கொல்லர் வெள்ளியையும் செய்பவரே. தட்டான் என்னும் பெயரோ உலோகத்தைச் சுட்டாமல், தட்டுதல் என்னும் வினையையே சுட்டுகிறது. காலோ கிண்ணத்தைப் பொறுத்தவரை இதைவிடத் துல்லியமான பெயர் வேறு மொழியில் இருப்பதாகத் தெரியவில்லை.

ஆனால் பெண்பாலில் அத்துல்லியம் தகர்ந்துவிடுகிறது. தட்டாத்தி என்பது தட்டுகின்ற பெண்ணைக் குறிப்பதன்று. தட்டார் குலத்துப் பெண்ணை, அல்லது தட்டானின் மனைவியைக் குறிப்பது. குயத்தி, கொல்லத்தி, வண்ணாத்தி முதலியனவும் இவ்வகையினவே. இவற்றுள் சில பெண்கள் அத்தொழிலைச் செய்தனர், சிலர் செய்யவில்லை. விகுதிக்கு அவ்வேறுபாடு தெரியாது. புறநானூற்றில் பாடல் பெற்றுள்ள வெண்ணிக்குயத்தியாரின் பெயரைக் கொண்டு அவர் கலம் வனைந்தாரா என்று நாம் முடிவுகட்ட இயலாது. திரிகையைச் சுழற்றுவது ஆண்களுக்கே உரியதாயிருந்த மரபில் அவ்வினா நியாயமானதே. அவர் கவி புனைந்தார் என்பது மட்டும் உறுதி. அதனைப் பெயர் சொல்லவில்லை, பாடல் சொல்கிறது.

குலப்பெயராகவே தொழிற்பெயர் அமைந்த மொழியில், குலத்துக்கு வெளியிலிருந்து தொழிலுக்கு வந்த பெண்ணுக்கு இடமில்லை. திருப்பதிக்கும் புத்தூருக்கும் இடைப்பட்ட வடமாலபேட்டைப் பகுதி, 2022இல் சித்தூர் மாவட்டத்திலிருந்து புதிய திருப்பதி மாவட்டத்துக்கு வந்தது. தமிழும் தெலுங்கும் ஒரே வீட்டில் புழங்கும் பகுதி அது. அங்குத் தமிழில் ஆசாரி என்பவரைத் தெலுங்கில் கம்சாலி என்பர். ஆசாரியம்மா என்றால் ஆசாரியின் மனைவியே. அவர் கையில் சுத்தியைக் கற்பனை செய்து பார்ப்பார் எவருமிலர்.

இது தமிழுக்கும் தெலுங்குக்கும் மட்டும் உரிய குறையன்று. செருமன் மொழியின் '-இன்' விகுதியும் முற்காலத்தில் மனைவியைக் குறித்தது. ம்யூல்லரின் என்றால் மாவாலைக்காரனின் மனைவி. அதே விகுதி பின்னர்த் தொழில் செய்யும் பெண்ணையே குறிக்கும் நிலைக்கு வளர்ந்தது. போர்களுக்கு இடைப்பட்ட பெர்லினில் தமக்கெனப் பட்டறை நடத்திய எம்மி ரோத் (1885–1942) தயக்கமின்றி 'சில்பர்ஷ்மீடின்' எனப்பட்டார். விகுதியை மாற்றியது அகராதியன்று. பட்டறைக்குள் நுழைந்த பெண்களின் எண்ணிக்கையே. தமிழில் '-ஆத்தி' அவ்வாறு வளரவில்லை. மாறாக, '-அர்' என்னும் பலர்பால் விகுதி உயர்வொருமைக்கு வந்து பாலை மறைத்துவிட்டது. பொற்கொல்லர் கிளாரா வெல்ஸ் என்று எழுதினால் வழுவில்லை. பெண் என்ற செய்தியும் இல்லை. பெண் பொற்கொல்லர் என்று எழுதினால் செய்தி உண்டு. ஆனால் ஆண் பொற்கொல்லர் என்று எவரும் எழுதாதவரை அது விதிவிலக்கைக் காட்டும் முத்திரையாகவே ஒலிக்கும். இவ்விரண்டனுள் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும் என்று கருதுவதில்தான் சிக்கல். பெயரை விட்டு வினைக்குச் சென்றால் வழி பிறக்கிறது.

'ஆல்' உருபும் இரு கருத்தாக்களும்

காலோ கிண்ணத்தின் அடியில் ஒரு முத்திரை உண்டு. ஸ்டெர்லிங் என்ற தரக்குறிப்பும், காலோ ஷாப்பில் கையால் ஆக்கப்பட்டது என்ற பொருளுடைய தொடரும் அதில் அமையும். இத்தொடரில் இடம் உண்டு, கருவி உண்டு, வினைமுதல் இல்லை. கை உள்ளது, கைக்கு உரியவர் இல்லை. கிண்ணத்தின் புறத்தே உள்ள எழுத்துகள் உரிமையாளருடையவை. நம் வீட்டுப் பாத்திரங்களில் வெட்டப்படும் பெயரும் கொடுத்தவருடையதோ பெற்றவருடையதோ ஆகுமேயன்றிச் செய்தவருடையது ஆகாது. பி. ஓர் நிறுவனத்தின் கலங்களிலும் நிறுவனத்தின் பெயர் உண்டு. தெய்வ உருவங்களைத் தட்டி எழுப்பிய சென்னைத் தொழிலாளர் பெயர் இல்லை. தஞ்சைக் கல்வெட்டில் குந்தவை கொடுத்த கலங்களின் எடை மஞ்சாடிவரை துல்லியம். செய்தவர் எவர் என்னும் வினா அங்கு எழவே இல்லை.

கிளாரா வெல்ஸ் வடிவமைத்தார், பட்டறையை நடத்தினார். வடிவமைப்பில் அவருடன் பெண்கள் பலர் பணியாற்றினர். ஆனால் சுத்தி பிடித்தோருள் பெரும்பாலோர் ஆண்கள். ஸ்காண்டிநேவிய நாடுகளிலிருந்து குடியேறியோர் அவர்களுள் மிகுதி. ஜூலியஸ் ராண்டால், இங்வே ஓல்சன் ஆகியோர் அப்பட்டறையில் தொழில் செய்தவர்களே. ஆங்கில விளக்க அட்டை 'பை' என்னும் ஒரே முன்னிடைச் சொல்லால் கிண்ணத்தை வெல்ஸுடன் இணைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. மொழிபெயர்ப்பாளர் அதனை 'ஆல் செய்யப்பட்ட' என்று மாற்றும்போது, ஆங்கிலம் சொல்லாத 'செய்' என்னும் வினையைத் தாமே சேர்க்கிறார். சான்று அங்கே நழுவுகிறது.

மூன்றாம் வேற்றுமைக்கு நன்னூல் கூறும் பொருள்களுள் கருவியும் கருத்தாவும் அடங்கும். உரையாசிரியர்கள் கருவியை முதற்கருவி, துணைக்கருவி என்றும், கருத்தாவை ஏவுதற்கருத்தா, இயற்றுதற்கருத்தா என்றும் பகுத்தனர். கோயிலைக் கட்டச் சொன்ன அரசனும் கருத்தா, கல்லை அடுக்கிய தச்சனும் கருத்தா. இருவருக்கும் உருபு ஒன்றே. பள்ளி மாணவர் மனப்பாடம் செய்து மறந்துவிடும் இப்பகுப்பு நம் கிண்ணத்துக்கு வியக்கத்தக்க வகையில் பொருந்துகிறது. வெள்ளியால், சுத்தியால், தொழிலாளியால், வெல்ஸால் ஆன கிண்ணம் அது. நான்கு 'ஆல்', நான்கு பொருள். ஆங்கில 'பை' அவற்றுள் இறுதி இரண்டையும் ஒன்றாக்கி, ஒருவர் பெயரை மட்டும் நிறுத்துகிறது.

தமிழ் இலக்கணம் பகுத்தது என்பதனால் தமிழ் வழக்கும் பகுக்கிறது என்று மகிழ்வதற்கில்லை. "மகளுக்கு வளையல் செய்தோம்" என்று ஒரு வீட்டார் சொன்னால், அவர்கள் உலையூதியதாக எவரும் கருதார். ஏவினோர் 'செய்தோம்' என்றே கூறுகின்றனர். இயற்றியவர் தொடரிலிருந்து மறைந்துபோகிறார். வடமாலபேட்டைப் பகுதியின் இருமொழி வழக்கு இங்குச் சிறந்த சான்றாகிறது. அதே வளையலைப் பற்றித் தெலுங்கில் பேசும்போது அதே வீட்டார் 'சேயிஞ்சாமு' என்பர், அதாவது செய்வித்தோம். 'சேசாமு' என்றால் தாமே செய்ததாகப் பொருள்பட்டு நகைப்புக்கு இடமாகும். தெலுங்கில் '-இஞ்சு' என்னும் பிறவினை விகுதி அன்றாடப் பேச்சில் உயிருடன் உள்ளது. தமிழில் '-வி-', '-பி-' விகுதிகள் பேச்சிலிருந்து பெரும்பாலும் நீங்கிவிட்டன. அவற்றுக்கு மாற்றாக வந்த 'செய்ய வை' வற்புறுத்தலையே பெரிதும் உணர்த்துகிறது. 'வெல்ஸ் செய்யவைத்த கிண்ணம்' என்றால் தொழிலாளர் அழுதுகொண்டே செய்ததுபோல் இருக்கும். ஆக, 'வெண்டி கின்னெ' என்று தெலுங்கில் விளக்கம் எழுதுபவருக்கு மொழியே முடிவெடுக்கும் கட்டாயத்தைத் தருகிறது. தமிழில் 'வெள்ளிக் கிண்ணம்' என்று எழுதுபவர் தாமே அக்கட்டாயத்தை ஏற்றுக்கொள்ளவேண்டும்.

எழுத்துத் தமிழில் அதற்கு வழி அடைபடவில்லை. கட்டுவித்தார், பாடுவித்தார், வருவித்தார் முதலியன எவரையும் தடுமாறச் செய்யாதவை. இராசராசன் தான் கட்டுவித்த கோயிலைத் தஞ்சைக் கல்வெட்டில் 'எடுப்பிச்ச' என்னும் பிறவினைப் பெயரெச்சத்தால் குறிக்கிறான். குஞ்சரமல்லன் இராசராசப் பெருந்தச்சன் என்னும் தலைமைத் தச்சனின் பெயரும் அக்கோயிற் கல்வெட்டில் உண்டு. எடுப்பித்தவன் பெருமை எடுத்தவனால் குறைந்துவிடவில்லை. தட்டையான தகட்டைக் கலமாக உயர்த்தும் தொழிலை ஆங்கிலேய வெள்ளித் தொழிலாளரும் 'எழுப்புதல்' என்ற பொருளுடைய சொல்லாலேயே குறிக்கின்றனர் என்பது இங்கு ஒரு சுவையான ஒப்புமை.

எனவே பின்வரும் தொடர் இங்குப் பரிந்துரைக்கப்படுகிறது: "வெள்ளி மேசைக் கிண்ணம். கிளாரா வெல்ஸ் தம் காலோ பட்டறையில் வடிவமைத்துச் செய்வித்தது. சிக்காகோ, 1920கள்." ஒரு கிண்ணத்தின் வடிவம் பட்டறையின் வேறொரு வடிவமைப்பாளருடையது என்று பதிவேடு காட்டினால் 'வடிவமைத்து' என்பதும் மாறவேண்டும். தட்டிய தொழிலாளி பெயர் தெரிந்தால் சேர்க்கவேண்டும்.

இப்பரிந்துரைக்கு வலுவான மறுப்பு ஒன்று எழக்கூடும். ஆண்களின் பெயரில் வழங்கும் கலங்களைப் பற்றி இவ்வினாவை எவரும் எழுப்பாதபோது, ஒரு பெண்ணின் பெயர் வந்ததும் 'அவர் செய்யவில்லை, செய்வித்தார்' என்று திருத்துவது அநீதி ஆகாதா? ஆகும், திருத்தம் அவருக்கு மட்டும் எனில். கோபன்ஹேகனின் ஜார்ஜ் ஜென்சன் தாமே தேர்ந்த கொல்லர். ஆயினும் அவர் பெயர் பொறித்த கலங்களுள் பல யோகன் ரோடே முதலிய பிறர் வடிவமைத்தவை, பட்டறைத் தொழிலாளர் தட்டியவை. பி. ஓர் கலங்களுக்கும் இவ்வளவையே. இவற்றையெல்லாம் 'செய்த' என்றே விட்டுவிட்டு வெல்ஸுக்கு மட்டும் '-வித்த' சேர்க்கும் பட்டியல், இலக்கணத்தைக் கருவியாக்கிப் பெண்ணின் உரிமையைக் குறைக்கும் பட்டியலாகும். அளவுகோல் ஒன்றானால், வெல்ஸ் இழப்பது எதுவுமில்லை. பெண்கள் சிலர் சேர்ந்து தொடங்கிய கடையை எழுபதாண்டு நிலைக்கும் பட்டறையாக்கி, தேர்ந்த கொல்லர் பலரைத் தம் வடிவங்களுக்கு இசையச் செய்தவரை 'செய்வித்தவர்' என்பது குறைவான சொல்லன்று.

தாமே தட்டிய பெண்

இயற்றுதற்கருத்தாவாகவே நின்ற பெண்ணையும் ஒப்பிட்டாலன்றி இவ்வேறுபாடு முழுமையாக விளங்காது. செருமனியின் பௌஹௌஸ் கலைப்பள்ளியில் பெண்கள் பெரும்பாலும் நெசவுப் பட்டறைக்கே அனுப்பப்பட்டனர். மரியானே பிராண்ட் (1893–1983) 1924இல் உலோகப் பட்டறைக்குள் நுழைந்தார். அங்கிருந்தோர் அவரை விரும்பி வரவேற்கவில்லை என்பதையும், சலிப்பூட்டும் வேலைகளே தமக்குத் தரப்பட்டன என்பதையும் பிற்காலக் கடிதம் ஒன்றில் அவரே நினைவுகூர்ந்துள்ளார். எளிதில் வெடிக்கும் வெள்ளியைப் பொறுமையுடன் தட்டிச் சிறுசிறு அரைக்கோளங்களாக ஆக்குவதே அவ்வேலை. தொழில் கற்பவர் எல்லாருக்கும் அதுவே வழக்கம் போலும் என்றெண்ணி அவர் தட்டிக்கொண்டிருந்தார். 1928இல் அதே பட்டறையின் பொறுப்புத் தலைவரானார்.

அதே 1924ஆம் ஆண்டில் அவர் வடிவமைத்த, ஏறத்தாழ 7 செ.மீ. உயரமேயுள்ள தேநீர்க் கலம் உலகப் புகழ் பெற்றது. வெள்ளியால் ஆன அரைக்கோளம், கருங்காலிக் கைப்பிடி, குறுக்கிட்ட இரு பட்டைகளாலான அடி: இவ்வளவே அதன் உறுப்புகள். பயிற்சிக்காகத் தட்டிய அரைக்கோளம் அக்கலத்தின் உடலாகவே மாறியிருப்பதை எளிதில் காணலாம். தண்டனைபோல் தரப்பட்ட வேலையைக் கை மறக்கவில்லை. அவ்வடிவத்தில் எஞ்சியுள்ள கலங்கள் சில. அவற்றுள் ஒவ்வொன்றையும் பிராண்ட் தாமே தட்டினாரா, பட்டறையில் வேறொருவர் தட்டினாரா என்பது கலந்தோறும் தனித்தனியே கேட்கவேண்டிய வினா. எனவே அங்கு 'வடிவமைத்த' என்பதே பாதுகாப்பான சொல்.

பெயரின்றி, முத்திரையின்றி, எவர் மேசைக்கும் செல்லாமல் உருவான அந்தப் பயிற்சி அரைக்கோளங்களுக்கு எந்த அருங்காட்சியகமும் விளக்க அட்டை எழுதப்போவதில்லை. எழுத நேர்ந்தால் அங்குப் பிறவினை விகுதியும் வேண்டா, 'பெண்' என்ற அடையும் வேண்டா, செயப்பாட்டுவினையும் வேண்டா: "மரியானே பிராண்ட் தட்டிய வெள்ளிக் கிண்ணம்."